அரை மணி நேரம் மூத்தவள்

போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், சீனக் கப்பலில் வந்த ஒரு மாலுமியிடம் அந்த வாட்சை வாங்கினேன். எங்கள் குடோனில் அப்போது மதிப்புள்ளவன் என்றால் ஜப்பான் ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டியிருப்பான். எனக்கு அதற்கு வக்கில்லை. வக்கில்லை என்று வெளியில் சொல்லவும் மனமில்லை. மாலுமி கழற்றிக் காட்டியதோ யாரிடமும் இல்லாத சாமான். வெண்ணெய் நிற முகம், நீல முட்கள், உள்ளே இரண்டு குட்டி வட்டங்கள். இடப்பக்க வட்டத்தில் வினாடி முள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நீளமாக ஒரு சிவப்பு முள் சும்மா நிற்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அது ஓடத் தொடங்கும். எத்தனை நிமிடம் ஓடியது என்று வலப்பக்க வட்டம் எண்ணும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானைத் தொட்டால் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். ஓட்டப் பந்தயம் நடத்துகிறவர்கள் கட்டும் ஜாதி வாட்ச். கிடைத்த விலைக்கு அதை வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை.

"என்னாண்ணே, சீனா வாட்சா? மழை பேஞ்சா கரைஞ்சிடும் லா," என்று கிரேன் ஓட்டுகிறவன் கேலி செய்தான்.

அந்தக் கேலிக்குப் பதில் சொல்வதற்காகவே அதற்கு நாள்தோறும் பரீட்சை வைத்தேன். குறை இல்லாமல் இல்லை. கீ கொடுக்கும்போது உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். பொத்தானை அழுத்திக் கட்டைவிரல் வலிக்கும். வியர்வை பட்டு முலாம் போய், மணிக்கட்டில் பச்சையாக ஒரு வளையம் விழும். ஆனால் வானொலிச் செய்திக்கு முன்னால் வருகிற 'பீப்' ஓசைக்கு வைத்துப் பார்த்தால், நாள் முழுக்க ஓடியும் அரை நிமிடம்கூடப் பிசகாது. சிவப்பு முள்ளுக்கும் வேலை கொடுத்தேன். முட்டை வேகிற நேரம், கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி இறக்குகிற நேரம், கம்முட்டர் மின்ரயில் வராத அந்தக் காலத்துப் பழைய ரயில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்குப் போகிற நேரம். மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற நேரத்தையும் அளக்க ஆசைதான், அதற்கு இந்த வாட்ச் போதாது. ஆக நான் அளந்ததெல்லாம் சின்னச் சின்ன நேரங்கள். சிவப்பு முள்ளை நீண்ட நேரம் ஓடவிட எனக்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை, என் மகள் பிறந்த காலை தவிர.

எண்பத்திரண்டாம் வருஷம் பிறந்தபோது அரசாங்க உத்தரவில் மலேசியாவின் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னே தள்ளியிருந்தார்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஊரே ஒரு மாதிரி இருந்தது. யாரைக் கேட்டாலும் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு, "அது புது டைமா பழைய டைமா?" என்று அவர்களே குழம்புவார்கள். சிலர் திருத்தின கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு அரை மணியைக் கூட்டிச் சொல்வார்கள். நான் குழம்பவில்லை. முதல் நாளே வானொலியைக் கேட்டு வாட்சைத் திருப்பி வைத்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம்.

அந்தக் குழப்பம் தீராத தை மாதத்தில்தான் மனைவிக்கு வலி எடுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகளைப் பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள். கதவு சாத்தியதும் என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு முள் ஓடத் தொடங்கியது. பக்கத்து பெஞ்சில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். லோரி டிரைவர், கழுத்தில் சிலுவை. அவர் மனைவியும் உள்ளேதான் இருந்தார். இருவரும் பேசினோம், எழுந்து நடந்தோம், மறுபடி உட்கார்ந்தோம். முதலில் தாதி வந்து அவரைக் கூப்பிட்டாள், பெண் குழந்தை என்றாள். நல்ல நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள், எனக்கும் பெண். ஓங்கிப் பொத்தானை அழுத்தி முள்ளை நிறுத்திவிட்டு மணி பார்த்தேன். ஒன்பதே கால்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒன்பதே முக்கால் என்று இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அங்கேயும் ஒருவர் புது நேரத்தின் மேல் இன்னொரு அரை மணியைக் கூட்டிவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது வாட்ச் பின்தங்கி இருந்தது உண்மை. பிள்ளை பிறந்த அமளியில் கீ கொடுக்க மறந்திருப்பேன், தளர்ந்து மெதுவாக ஓடியிருக்கும் என்று அதையும் திருத்திவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் ஜோசியரிடம் ஜாதகம் எழுதப் போனபோது ஒன்பதே கால் என்று அடித்துச் சொன்னேன்.

"புது டைம்தானே? நல்லாத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"என் வாட்ச்சுல பார்த்தது ஐயா," என்றேன்.

அவர் கணக்குப் போட்டார். பிறகு மூன்று விஷயம் சொன்னார். நாலாவது வயதில் இடது கையில் எலும்பு முறியும். தகப்பன் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பான். ஒன்பதாவது வயது நடக்கும்போது நீரில் கண்டம். "அது தாண்டிட்டா தீர்க்காயுசு," என்று சேர்த்துக்கொண்டார். தாண்டுமா என்று கேட்டதற்கு, "சாமிய கும்பிடுங்க," என்றார்.

மனைவி அன்றிலிருந்து கும்பிட்டாள். பிள்ளையைக் கடல் பக்கமே கொண்டுபோனதில்லை. குளிக்கிற தொட்டியைக்கூடக் கவிழ்த்து வைப்பாள். நாலாவது வயதில் கை முறியவில்லை, எனக்கும் போர்ட் கிள்ளானை விட்டு வேலை மாறவில்லை. அர்ச்சனைதான் தடுத்தது என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

லோரி டிரைவர் குடும்பம் அதற்குள் எங்களுக்குச் சொந்தம் மாதிரி ஆகியிருந்தது. வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த பழக்கம். "என் பிள்ளை அக்கா, உன் பிள்ளை தங்கச்சி. அரை மணி நேரம் மூத்தவ," என்று டிரைவரின் மனைவி, அந்த அக்கா, வாய்க்கு வாய் சொல்வார். அவர்கள் கிறிஸ்தவர்கள், ஜாதகம் பார்க்கிற பேச்சே கிடையாது. வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு மோரிப் கடற்கரைக்குப் போவார்கள். எங்களைக் கூப்பிடுவார்கள், நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கேக்கை மட்டும் மறுநாள் வாங்கிக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு எட்டு வயது முடிந்து ஒன்பதாவது தொடங்கப் போகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஜைமேல் இருந்த வாட்சை மகள் எடுத்து, சிவப்பு முள்ளை ஓடவிட்டு விளையாடிவிட்டு அப்படியே வைத்துப் போய்விட்டாள். நான் தூங்கி எழுந்து பார்த்தபோது வாட்ச் நின்றிருந்தது. சிவப்பு முள் மட்டுமல்ல, எப்போதும் நிற்காத அந்தக் குட்டி வினாடி முள்ளும் நின்றிருந்தது. காலையில்தான் முழுசாகக் கீ கொடுத்திருந்தேன். காதில் வைத்தேன், சத்தமே இல்லை. கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். சிவப்பு முள்ளின் பிடி விட்ட மறு நொடியே வினாடி முள் ஓட ஆரம்பித்தது. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

வீடு அமைதியாக இருந்தது. மனைவி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. ஏன் என்று உடனே புரியவில்லை.

சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே வாட்சை வைத்து மறுபடி ஓடவிட்டேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. பிறகு இளைத்தது. வலது வட்டத்து முள் அடுத்த நிமிடத்துக்குத் தாவுவதற்குத் தம் பிடிக்கிற மாதிரி ஒரு நடுக்கம், அவ்வளவுதான், எல்லாம் நின்றது. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் உயிர் வந்தது. அன்று மாலைக்குள் எத்தனை தடவை செய்து பார்த்தேனோ, ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். அந்தச் சின்ன இயந்திரத்துக்கு இரண்டு சுமையை நீண்ட நேரம் இழுக்கத் தெம்பு இல்லை. விலைக்கு ஏற்ற சரக்கு. இவ்வளவு வருஷம் கட்டியும் இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நான் சின்ன நேரங்களை மட்டும் அளந்தவன்.

அப்படியானால் பிரசவ அறைக்கு வெளியே அது நின்றிருக்கிறது. நான் பொத்தானை அழுத்தியபோதுதான் மறுபடி ஓடியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதம் சரி, என் வாட்ச் தப்பு. என் மகள் ஒன்பதே முக்காலுக்குப் பிறந்தவள். ஜாதகம் அவளுடையது இல்லை.

எனக்கு வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. எழுந்து பின்கட்டுக்கு ஓடப் போனவன், இரண்டாவது எட்டில் நின்றுவிட்டேன். ஒன்பதே காலுக்குப் பிறந்த பிள்ளை ஒன்று இருந்தது. அதே ஆஸ்பத்திரியில், அடுத்த கட்டிலில்.

நாலாவது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கை முறித்துக்கொண்டவள் அவள். இடது கை. அந்த மாவுக்கட்டின்மேல் என் மகள் பேனாவால் பூ வரைந்தபோது பக்கத்தில் நின்று சிரித்தவன் நான். மறு வருஷம் அவள் அப்பா சிங்கப்பூருக்கு லோரி ஓட்டப் போனார், பஸ் ஏற்றிவிடப் போனதும் நான்தான். எங்கள் வீட்டில் நடக்கவில்லை என்று நாங்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் வரிசையாக, சொன்னபடியே, அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மட்டும் இன்னும் போகவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் மடித்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, இத அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம எப்படி? மோரிப்புக்குப் போவாங்களே."

"நம்ம பிள்ளைக்கு இல்லன்னு நீங்க சொன்னா, அது அவளுக்குன்னு ஆயிடும். நம்ம வாயால அந்தப் பிள்ளைக்கு எழுதிக் குடுக்காதீங்க." மடித்த துணியையே மறுபடி மடித்தபடி, "நான் அந்த வாட்ச்ச நம்பல. அது அன்னிக்கு நின்னுச்சுன்னு யாரு பார்த்தது? என் பிள்ளைய நான் விடமாட்டேன்," என்றாள்.

ஆனாலும் அடுத்த வாரம், பிறந்தநாளுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்த லோரி டிரைவர் வழக்கம்போலக் கூப்பிட்டபோது, நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். "அடேயப்பா, இந்த வருஷம் மழை கொட்டப் போவுது பாஸ்!" என்று மனிதர் குதித்தார். அங்கே போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். பாயை விரித்து, மீகூன் நூடுல்ஸையும் கேக்கையும் எடுத்து வைத்து, அந்த அக்கா சிரிக்கச் சிரிக்கப் பேசியபோது சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தட்டை நீட்டினேன்.

மோரிப் கடல் நீலமாக இருக்காது. சேற்று நிறம். கணுக்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அன்று அலையே இல்லை, தண்ணீர் சத்தம் காட்டாமல் ஏறிக்கொண்டிருந்தது. மூத்தவள், டிரைவரின் மகள், பிறந்தநாள் கவுனோடு அதை நோக்கி ஓடினாள். அவள் தண்ணீரைக் கண்டு பயந்தவளே இல்லை, குழந்தையிலிருந்து அதில் விளையாடி வளர்ந்தவள். நானும் எழுந்து ஓடினேன். கால்சட்டையைச் சுருட்டக்கூட இல்லை. முழங்கால் ஆழத்தில் அவள் கையைப் பிடித்தேன்.

"அங்கிள், விடுங்க."

விடவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள். நான் சிரிக்கவில்லை. கரையிலிருந்து அவள் அப்பா, "பாஸ், அவளுக்கு நீச்சல் தெரியும் லா!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, புடவை நனைய, என் மனைவி தண்ணீரில் நின்றிருந்தாள். என் மகள் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள், அவளைப் பிடிக்க இவளும் இறங்கியிருக்கிறாள். இரண்டு கையாலும் மகளை இடுப்போடு அணைத்திருந்தாள். எங்கள் கண்கள் சந்தித்தன. ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், இருவரில் யார் சரி என்று எங்களுக்கே தெரியாது.

மூத்தவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, அவள் சிரிப்பு போய்விட்டது. மெதுவாகக் குனிந்து தன் காலைச் சுற்றி இருந்த தண்ணீரைப் பார்த்தாள். அதை முதல் தடவை பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தாள்.

"அங்கிள்," என்றாள், குரலே எழும்பாமல். "எனக்கு இதுல என்னமோ ஆகப் போவுதா?"

ஒன்றும் ஆகாது கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். பிடியைத்தான் இன்னும் இறுக்கினேன்.