என் மகளை ஊருக்குச் சொன்னவர்கள்

எங்கள் வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். அப்பா ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, ஓய்வு பெற்ற கையோடு திருமுல்லைவாயிலில் கட்டிய வீடு. அண்ணன் இப்போது அதே தொழிற்சாலையில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் பாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், சங்கத்தில் பொறுப்பும் உண்டு. இருவரும் ஐடிஐயில் ஒன்றாகப் படித்தவர்கள். எனக்கு மாப்பிள்ளையாக அவரைக் கொண்டுவந்ததே அண்ணன்தான். கல்யாணத்துக்கு முன்பே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா கூப்பிட்டதை நிஜமாக்கிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் பரம்பரைப் பகையாளிகள் இல்லை. பகை போனில் வந்தது.

அண்ணன் ஒரு குரூப்பில் சேர்ந்தான். நம்முடைய பழக்கவழக்கத்தை எல்லாம் யாரோ அழிக்கப் பார்க்கிறார்கள், இப்போது விழித்துக்கொள்ளாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று காலையில் எழுந்ததும் அதில் வரும். இவர் வேறொரு குரூப்பில் சேர்ந்தார். நம்மைப் பழைய காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், இப்போது விழித்துக்கொள்ளாவிட்டால் நம் பிள்ளைகள் அடிமையாகிவிடுவார்கள் என்று அதில் வரும். நான் காலையில் மோட்டார் போடக் கீழே இறங்குவேன். நடுப்படியில் நின்றால் மேலே ஒரு ‘ஹும்’ கேட்கும், கீழே ஒரு ‘ஹும்’ கேட்கும். இரண்டும் மூக்கால் விடும் ஒரே சிரிப்பு. எதிர்ப்பக்கம் ஏதோ ஒரு முட்டாள் எதையோ உளறியிருக்கிறான் என்று அர்த்தம். அப்படி ஒரு முட்டாள் அகப்படாத நாளில் இரண்டு பேருக்கும் காப்பிகூட இறங்காது. போன் இரண்டையும் மாற்றி வைத்தாலும் இவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கொஞ்ச நாளில் மச்சான் போய்விட்டது. அண்ணனுக்கு அவர் ‘உன் ஊட்டுக்காரரு’ ஆனார். அவருக்கு அண்ணன் ‘உங்க அண்ணன்’ ஆனான். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், யாரோ மண்டையைக் கழுவிவிட்டார்கள் என்று அண்ணன் என்னிடம் வருத்தப்பட்டான். உங்கள் அண்ணன் நல்லவர்தான், கூட இருக்கிறவர்கள் சரியில்லை என்று இவர் வருத்தப்பட்டார். எதிரில் இருப்பவனும் சொந்தமாக யோசித்திருக்கலாம் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மின்சாரக் கட்டணத்திலிருந்து தண்ணீர் லாரி வரை எதைப் பேசுவதென்றாலும் நடுவில் நான்தான் தபால்காரி.

இந்த லட்சணத்தில்தான் என் மகள் வயதுக்கு வந்தாள்.

எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நேராகக் குளியலறைக்குள் போய், கதவை ஒருக்களித்து என்னைக் கூப்பிட்டாள். பயப்படவில்லை. எல்லாம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“யாருக்கும் சொல்லாதம்மா. எங்க க்ளாஸ்ல பசங்க இருக்காங்க.”

அவள் வகுப்பில் போன வருடம் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தி, தெருமுனையில் பேனர் கட்டினார்கள். அந்தப் பெண்ணைப் பையன்கள் வருடம் முழுக்க விருந்து எப்போ, பிரியாணி எங்கே என்று கேட்டே அழவைத்தார்கள். அந்தப் பெண் கடைசியில் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தவள் என் மகள். சரிம்மா, யாருக்கும் தெரியாது என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

அவள் படியேறி வந்த கோலத்தை அண்ணி பார்த்துவிட்டிருக்கிறாள். சாயங்காலமே உளுத்தங்களியும் நல்லெண்ணெயுமாக மேலே வந்து நின்றாள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். அண்ணிக்குத் தெரிந்தால் அண்ணனுக்குத் தெரியும். மறுநாள் அவனே வந்தான். எங்கள் வீட்டு வாசலை மிதித்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இவளைச் சின்னப் பிள்ளையில் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஏரிக்கரை வரை சுற்றியவன். தாய்மாமன் நான் இருக்கிறேன், மொட்டைமாடியில் பச்சை ஓலைக் குடிசை கட்டுகிறேன், வெள்ளானூர்ப் பக்கம் புது மண்டபம் ஒன்று இருக்கிறது, சீர் நான் வைக்கிறேன், நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே என்றான். உள்ளே இருந்து இவர் வந்தார். ஒரு பெண் குழந்தையின் உடம்பில் நடப்பதை மைக் போட்டு ஊருக்குச் சொல்வது காட்டுமிராண்டித்தனம் என்றார்.

அவர் சொன்னது எனக்குச் சரி என்றுதான் பட்டது. அண்ணனின் கண்ணீரும் பொய்யில்லை. நான் இரண்டு பேர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினேன். விழா வேண்டாம், மண்டபம் வேண்டாம், அண்ணி வீட்டுக்குள்ளேயே ஒரு பாவாடை தாவணி கொடுக்கட்டும், அதோடு முடியட்டும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளை அதைத்தான் கேட்கிறாள் என்றேன். இரண்டு பேர் தலையும் ஆடியது. என் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனவள், ஸ்டேஷன் போகிற வழியில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே என் மகள் சிரிப்பதைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த பேனர். யாருடைய கல்யாணத்திலோ பட்டுப்பாவாடையில் எடுத்த படம். பக்கத்தில் கைகூப்பி அண்ணன். கீழே வட்டம் வட்டமாக அவனுடைய ஆட்களின் முகங்கள். அவர்களில் பாதிப் பேரை அவள் பார்த்ததே இல்லை. மேலே பெரிய எழுத்தில் மஞ்சள் நீராட்டு வாழ்த்து, அடியில் நம் பண்பாட்டைக் காப்போம் என்று ஒரு வரி.

பால் பாத்திரத்தோடு வீட்டுக்கு ஓடினேன். அண்ணனைக் கேட்டேன். விழாதான் வேண்டாம் என்றீர்கள், பேனருமா வைக்கக்கூடாது, தாய்மாமன் செத்தா போய்விட்டான் என்று நாலு பேர் கேட்கமாட்டார்களா என்றான். உடனே இறக்கு என்றேன்.

“இப்ப எறக்குனா, உன் ஊட்டுக்காரருக்குப் பயந்துகினு எறக்கிட்டான்னு சொல்லுவாங்கம்மா.”

மேலே ஓடினேன். இவரிடம் சொன்னால் போய் அறுத்தெறிந்துவிடுவார் என்று நம்பினேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார். போனவர் பேனரைத் தொடவில்லை. எதிரில் நின்று படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, என் மகளின் உடல் உங்கள் விளம்பரப் பலகை அல்ல என்று தொடங்கி நீளமாக ஒரு பதிவு எழுதினார். நல்ல தமிழ். ஒரு வரியில்கூடத் தப்பில்லை. அந்தப் படத்தையும் சேர்த்துப் போட்டார். ஊருக்குச் சொல்லக்கூடாது என்பதை ஊருக்கே சொன்னார்.

பேனரை ஸ்டேஷன் ரோட்டில் போகிறவர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். பதிவை அம்பத்தூர் பார்த்தது, பூந்தமல்லி பார்த்தது, எங்கள் பக்கத்து மாவட்டச் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். இவருடைய ஆட்கள் வீரத் தந்தை என்று பாராட்டிப் பகிர்ந்தார்கள். அண்ணனின் ஆட்கள், பெற்ற மகளுக்கே சடங்கு செய்யாத பாவி என்று திட்டிப் பகிர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் அதே படத்தைத்தான் போட்டது. என் பிள்ளை பட்டுப்பாவாடையில் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் போனாள்.

எடுத்துவிடுங்கள் என்று அழுதேன்.

“இப்ப எடுத்தா பயந்துட்டேன்னு ஆயிடும். நான் என்ன தப்பா எழுதிட்டேன், சொல்லு.”

கீழே கேட்ட அதே பதில். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. சொந்தக் கூட்டத்துக்குப் பயப்படுகிறார்கள். முகம் தெரியாத நாலு பேர் நம்மைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் நான் யார், என் மகள் யார்? அது மட்டுமில்லை, அவன் பேனர் கட்டாவிட்டால் இவருக்கு எழுத ஒன்றுமில்லை, இவர் எழுதாவிட்டால் அவனுக்கு வைய ஒன்றுமில்லை. முன்பு மச்சானாக இருந்தபோதுகூட ஒருவருக்கொருவர் இவ்வளவு வேண்டியவர்களாக இருந்ததில்லை.

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பட்டப்பகல், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மொத்தமும் பார்த்தது. எனக்கு எட்டிய ஒரு கயிற்றை அறுத்தேன், மேலே எட்டவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

“இன்னாக்கா, உன் பாப்பா போட்டோவ நீயே கிய்க்கிற?”

நான் மேல் கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் ஆட்டோ மேல் ஏறி மீதிக் கயிற்றை அறுத்துக் கொடுத்தார். சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தேன். சாயங்காலமே அதையும் யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். குலவழக்கத்தை அறுத்த பெண் என்று ஒரு கூட்டம், கணவனுக்குத் தோள்கொடுத்த புரட்சிப் பெண் என்று இன்னொரு கூட்டம். நான் ஒரு தாய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். டீச்சர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். என்ன நடந்தது என்று டீச்சர் பாதிதான் சொன்னார், மீதியை நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தட்டில் வைத்த சோறு காய்ந்து போகும். எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பாள், பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் குளிக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கிவிட்டது. கடைசியில் திறந்தாள், தலை நனைந்தபடி மறுபடி வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இப்போதும் அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார், வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எந்த வீட்டில் என்று கேட்கத் தோன்றியது.

இவர் பயந்துதான் போனார். பதிவிலிருந்த படத்தில் அவள் முகத்தை மட்டும் மறைத்தார். ஊரே பார்த்து முடித்த பிறகு. பதிவை எடுக்கவில்லை. அண்ணனும் பயந்துதான் போனான். கோயிலுக்கு வேண்டிக்கொண்டான். உன் ஆட்கள் போட்டதை எடுக்கச் சொல்லேன் என்றால், முதலில் அவர் எடுக்கட்டும் என்றான். இரண்டு பேரும் தனித்தனியாக அவளுடைய அறைக்குள் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள், இரண்டு பேருமே.

ஒருநாள் காலை மோட்டார் போட இறங்கும்போது நடுப்படியில் இருவரும் எதிரும் புதிருமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் நான் ஏங்கிய காட்சி. கோயிலுக்கும் போகாமல், சங்கத்துக்கும் போகாமல் நானே வேண்டிக்கிடந்த காட்சி. மேலேயே நின்று கேட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் தாங்குகிற சக்தியே இல்லை என்றான் அண்ணன். ஆமாம், போன்தான் கெடுக்கிறது என்றார் இவர். இவளும் ரொம்பச் செல்லம் கொடுத்துவிட்டாள் என்றான் அண்ணன். இவர் அதற்கும் ஆமாம் என்றார். இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது. நான் மோட்டார் போடவில்லை. அப்படியே திரும்பி மேலே வந்துவிட்டேன்.

வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்பு கையில் இடறியது. நாம் இரண்டு பேரும் எங்கேயாவது போய்விடலாமா என்று கேட்டேன், எங்கே என்று எனக்கே தெரியாமல். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். நான் அழுதேன். என்னால் அடக்க முடியவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் உன் பக்கம்தான்டா கண்ணு” என்றேன்.

“அவங்க ரெண்டு பேரும் இதேதாம்மா சொன்னாங்க” என்றாள்.