ஞாயிற்றுக்கிழமை கேட்சர்

கிளீவ்லாந்து பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் நேர அட்டவணை போட்டவர் எம்மெட் கொலேசர். ஓய்வு பெற்ற பிறகும் எண்களை அவர் விடவில்லை. பஸ்களிலிருந்து பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு மாறிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரும் பழைய டிரைவர் டெல்பெர்ட் ராங்கும் வருடாவருடம் ஆளுக்குப் பாதி போட்டு மைதானத்தில் ஒரே ஓர் இருக்கையை சீசன் முழுவதற்கும் எடுப்பார்கள். மற்ற ஆட்டங்களுக்கு முறை வைத்துப் போகலாம். ஏப்ரல் மாதத்துத் தொடக்க ஆட்டத்துக்கு யார் போவது? அதை முந்தைய செப்டம்பரிலேயே ஒரு பந்தயம் முடிவு செய்துவிடும். எந்த அணி ஜெயிக்கும் என்பதல்ல பந்தயம். ஒரே ஓர் ஆட்டக்காரர் அன்று என்ன செய்வார் என்பதுதான். நான்கு வருடமாக டெல்பெர்ட்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். எம்மெட் தொடக்க நாளை வெர்னாவின் மதுக்கடை டிவியில்தான் பார்த்தார்.

அந்த செப்டம்பரில் ஊர் அணிக்கு ஞாயிறு மதியம் பந்து எறியப் போகிறவர் வேட் டில்மன். எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்வார்? மட்டையாளர் அடிக்காமல் விட்ட நல்ல பந்தும், சுழற்றித் தவறவிட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் அவர் வெளியே. பந்தயக் கம்பெனிகள் வைத்த கோடு ஆறரை; அதற்கு மேலா, கீழா என்பதுதான் கேள்வி. அரை ஆளை யாரும் வெளியேற்ற முடியாது; சமன் வராமலிருக்கத்தான் அந்த அரை. எம்மெட் டில்மனின் சீசன் முழுவதையும் அலசினார். எதிரணியில் யார் யார் பந்தைத் தவறவிட்டு வீணாக மட்டையைச் சுழற்றுகிறார்கள் என்றும் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெர்னாவின் கடையில் பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏழு எடுப்பான்டா."

"ஆறைத் தாண்டமாட்டான்," என்றார் டெல்பெர்ட்.

"காரணம் சொல்லு."

"அவன் வீட்ல பச்சக்குழந்த. பொறந்து ரெண்டு வாரந்தான் ஆகுது. ராத்திரி எங்க தூங்குவான்?"

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"எனக்கு மூணு பிள்ளைங்க. அப்ப என் பஸ்ல ஏறினவங்களக் கேட்டுப்பாரு, எத்தன ஸ்டாப்ப விட்டேன்னு."

கடைக்கார வெர்னா சிரித்தாள். "ரெண்டு பேரும் கையக் குடுங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

கை குலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே டிவியில் ஊர் அணியின் இரவு ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் அரோயோ குந்தி உட்கார்ந்திருந்தார். எம்மெட் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், உறைக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆடுவோர் பெயர்கள் திரையில் வந்தபோதுதான் அவருடைய முள்கரண்டி பாதியில் நின்றது. கேட்சர் இடத்தில் மாற்று ஆள் சிம்ஸ்! இரவு ஆடிவிட்டு மறுநாள் பகலில் ஆட்டம் என்றால் முதல் கேட்சரின் முழங்காலுக்கு ஓய்வு கொடுப்பது எல்லா அணிகளிலும் வழக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரோயோ தாழ்வாக வரும் பந்தைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் மேலே கொண்டுவந்துவிடுவார்; ஸ்ட்ரைக் என்று நடுவரின் கை தானாக உயரும். சிம்ஸின் கையுறையோ பந்தோடு சேர்ந்து கீழே போய்விடும்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் ஆறு பேர் காலி. ஏழாவதில் ஒருவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான். டில்மன் முழங்கால் உயரத்தில், விளிம்பைத் தொட்டு எறிந்தார். கையுறை மண்ணைப் பார்த்து இறங்கியது. நடுவர் அசையவில்லை. அடுத்த பந்து வெளியே போனது; தப்பான பந்து நான்கு ஆகிவிட்டது. மட்டையாளர் நடந்தே முதல் பேஸுக்குப் போனார். மேனேஜர் வந்து டில்மனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்; அன்றைக்கு அவர் எறிந்தது அவ்வளவுதான்.

"சொன்னேன்ல? குழந்தடா, குழந்த!"

"குழந்தயாவது மண்ணாவது! கேட்சர்டா!"

"யாரா இருந்தா என்ன? சீட்டு என்னோடது."

"சீட்ட எடுத்துக்கோ. காரணத்த மட்டும் விட்டுத்தர மாட்டேன்."

அந்த வாரமே எம்மெட் டில்மனின் எண்களைக் கேட்சர்வாரியாகப் பிரித்தார். சிம்ஸ் கேட்சராக உட்கார்ந்த நாட்களில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஸ்ட்ரைக் அவுட் குறைந்தது. அப்படியானால் இத்தனை நாள் டில்மனின் கணக்கில் ஏறியதில் அரோயோவின் பங்கு எவ்வளவு? மற்ற எறிபவர்களுக்கும் இப்படித்தானா? பனிக்காலம் போனதே தெரியவில்லை.

தொடக்க நாளில் மறுபடியும் டில்மன்தான் எறிந்தார். முதல் இன்னிங்ஸில் மதுக்கடை போன் அடித்தது. மைதானத்திலிருந்து டெல்பெர்ட். வெர்னா எம்மெட்டிடம் நீட்டினாள்.

"டேய், இன்னிக்கு கேட்சர் யாருடா? பக்கத்து சீட்டுக்காரனோட ஒரு பீர் பந்தயம்."

"நேர்ல உக்காந்துகிட்டு என்னக் கேக்குறியா?"

"முகமூடி போட்டிருக்கான்டா!"

"கையுறையப் பாரு. பந்தோட கீழ போகுதா, மேல ஏறுதா?"

டெல்பெர்ட் இரண்டு பந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏறுது."

"அரோயோ. தைரியமா ஏழுன்னு கட்டு."

"சரி. அந்தக் குழந்த இப்ப ராத்திரி தூங்குதாடா?"

திட்டுவதற்காக எம்மெட் வாயைத் திறந்தார். அதை மட்டும் தான் இன்னும் சரிபார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வெர்னா, பச்சக்குழந்த எத்தன மாசத்துல ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பிக்கும்?"