பட்டியலில் இல்லாத முகவரி

வந்த மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்க உக்கிரபாண்டிக்குத் தெரியாது.

போடியிலிருந்து பூப்பாறைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை முப்பத்தொரு வருஷமாக ஜீப்பில் ஏற்றிப் போனவர் அவர். காலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர்களை இறக்கிவிட்டால், வேலை முடிந்து திரும்பும்வரை வண்டியிலேயே கிடக்க வேண்டும். அந்தச் சும்மா நேரத்துக்குத்தான் போன். மகள் முத்துப்பிரியா சென்னையில் ஒரு கம்பெனியின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஜீப் இன்சூரன்ஸுக்காக அவள் திறந்து கொடுத்த மெயில் முகவரியைப் பெட்ரோல் பங்கு, செருப்புக்கடை, ரீசார்ஜ் கடை என்று கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்தார். கேட்காத இடத்திலும் கொடுத்தார்.

ஒரு நாளைக்கு அறுபது, எழுபது மெயில் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததை போனே தமிழாக்கித் தரும். பதிலை வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். ‘ஐயா வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு இப்போது கடன் தேவைப்படவில்லை. தங்கள் வீட்டில் அனைவரும் நலமா? இப்படிக்கு, ஜீப் உக்கிரபாண்டி, போடி.’

“அப்பா, அதெல்லாம் மனுசன் அனுப்புறதில்ல. நீங்க பதில் போட்டா, இந்த முகவரியில ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு இன்னும் நூறு அனுப்புவான்” என்றாள் முத்துப்பிரியா.

“ஆள் இருக்கேன்ல ஆத்தா?” என்றார்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவரது போனை வாங்கிப் பார்த்தாள். பேங்கிலிருந்து என்று எவனோ எழுதியிருந்ததை நம்பி, ஆதார் அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்து, பொங்கல் வாழ்த்தும் சேர்த்து அனுப்பியிருந்தார். போனோடு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் சொற்களை வைத்து விதி எழுதினாள். கடன், பரிசு, அதிர்ஷ்டசாலி என்று வந்தால் அழி. பத்து நிமிஷத்தில் வேறு சொற்களோடு மூன்று வந்தன. எரிச்சலில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே விதி எழுதினாள்: பட்டியலில் உள்ள முகவரிகள் தவிர எது வந்தாலும் அழி. ஆபீசில் யாராவது இப்படி எழுதினால் அவளே திட்டியிருப்பாள். சந்தேகமானதை ஒதுக்கி வைக்கலாம், பார்க்காமல் அழிக்கக் கூடாது. ஆனால் ஒதுக்கி வைத்தால் அப்பா தேடிப் போய்ப் பதில் போடுவார்.

“யார் யாரு மெயில் உங்களுக்கு வேணும்? சொல்லுங்க, பட்டியல்ல போடுறேன்.”

“ஒன்னோடது. இன்சூரன்ஸுக்காரக.”

“அப்புறம்?”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். உள்ளே மனைவி செல்லத்தாய் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

“வேற யாரு ஆத்தா எனக்கு எழுதப் போறாக?”

வேறு ஓர் இடத்திலிருந்தும் எழுதவிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான், ஜீப்புக்கு கியர் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். புகையிலை அதக்கும் இடது கன்னத்துக்குள் ஒரு புண் மூன்று மாதமாக ஆறவில்லை. சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு எடுத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். அவர் குளிக்கும்போது போன் அடித்தால் செல்லத்தாய்தான் எடுப்பாள். எடுத்தால் வீடே இரண்டாகிவிடும். செத்துப்போன பழைய சிம்மின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, “போன் போடாதீக தாயி, மெயில் போடுங்க, நான் தெனம் பாக்குறவன்” என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“ஏதும் இருந்தா மெயில் வரும் ஐயா” என்றாள் அந்தப் பெண்.

மகள் விதி எழுதும்போது இது அவர் நினைப்பில் இல்லாமலில்லை. மகள் ஒழிப்பது குப்பையை. ஆஸ்பத்திரி மெயில் எப்படிக் குப்பையாகும்? இவ்வளவு தெரிந்த போனுக்கு அந்த வித்தியாசமா தெரியாது? இதைப் பிறகு அவரே மகளிடம் சொன்னார்.

தை போனது, மாசி போனது. போன் ஊமையாகிவிட்டது. ஜீப்பில் முன்சீட்டுக்காரி ரேணுகா கேலி செய்தாள்.

“என்னண்ணே, ஒங்க சிநேகிதக எல்லாம் கைவிட்டுட்டாகளா? பதிலே போடக் காணோம்?”

“மக கதவச் சாத்திட்டா தாயி.”

“ஐயையோ! அமெரிக்காக்காரி ஒருத்தி சொத்து எழுதி வைக்கிறேன்னாளே, அவளுமா?”

“அவளுந்தான். ஒனக்கு வேணும்னா முகவரி தர்றேன், நீ பேசிக்க.”

ஜீப்பே சிரித்தது. அவரும் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். மெயில் வரவில்லை என்பதே அவருக்கு நல்ல சேதி. ஏதும் இருந்தால் வரும் என்றாளே. தினமும் இறக்கத்துக்கு முன்னால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் போடிமெட்டில் வண்டியை நிறுத்தி ஒரு தரம் பார்த்துவிட்டு, நிம்மதியாக இறங்குவார். புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

சித்திரையில் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. குழம்பில் காரம் கூடிப்போச்சென்று மூன்று நாள் தட்டைத் தள்ளியதும் செல்லத்தாய் மகளுக்கு போன் போட்டாள். முத்துப்பிரியா ராவோடு ராவாக வந்து, அப்பாவை மதுரைக்குக் கூட்டிப் போனாள். அதே ஆஸ்பத்திரியைத்தான் அவர் கை காட்டினார்.

கவுண்டரில் பெயரைத் தட்டியதுமே அந்தப் பெண் நிமிர்ந்தாள். “நீங்களா ஐயா? மூணு மெயில் போட்டோமே. தையில ஒண்ணு, மாசியில ரெண்டு. போன் வேற போகவே இல்ல.”

முத்துப்பிரியாவுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அழித்தவை முப்பது நாள்தான் தங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தையில் வந்திருந்தால் கன்னத்துக்குள் கொஞ்சம் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது தாடையும் கழுத்தும் சேர்ந்துவிட்டன. கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம், வலி குறையும். அவ்வளவுதான்.

திரும்பும் பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டியது. அவர் வாய் குழற, “நீ போட்டது நல்லாத்தான் சோலி பாத்துருக்கு ஆத்தா. ஒண்ணு தப்பி வரலையே” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒங்க அம்மாகிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம்” என்றார்.

ஆவணியில் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, முத்துப்பிரியா ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிய மூன்று மெயில்களையும் போனில் திறந்தாள். செல்லத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இங்கிலீசுல என்ன போட்டிருக்கு?”

“ரிசல்ட் வந்திருச்சு, ஒடனே வந்து டாக்டரப் பாருங்கன்னு.”

“இம்புட்டுத்தானா? இதப் பாக்கலையா ஒங்கப்பா? எந்நேரமும் போன்லயே கெடந்தாரே.”

“அவருக்கு வரலம்மா. நாந்தான் வர விடாமப் பண்ணினேன். பொங்கலுக்கு.”

செல்லத்தாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரமெடுத்தது. அடிப்பாள் என்று முத்துப்பிரியா எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

“அவருக்குத் தெரியுமா இது?”

“தெரியும். சித்திரையிலயே தெரியும்.”

“ஆசுபத்திரிக்குப் போனத அவரு மறைச்சாரு. இத நீங்க ரெண்டு பேரும் சேந்து மறைச்சிருக்கீக. நாலு மாசம் அவருக்குக் கஞ்சி வடிச்சு ஊட்டினவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?”

முத்துப்பிரியா அம்மாவின் கையைத் தொட்டாள். செல்லத்தாய் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒனக்கு எத்தன மணிக்கு பஸ்சு?”

“நாளைக்குத்தாம்மா.”

“இன்னைக்கே போ” என்று சொல்லிவிட்டு செல்லத்தாய் எழுந்து உள்ளே போனாள்.