புறங்கையில் ஒட்டியிருந்த அம்பு

பேய் என்று யாராவது சொன்னால், "என்ன சைஸ், என்ன கலர்?" என்று கேட்கிற ஆள் நான். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கண்ணால் பார்க்காத எதையும் பாஸ் பண்ண மாட்டேன். பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே படியுங்கள்.

சிக்குன்குனியா வந்து ஊரே நொண்டிய வருஷம் அது. நான்கு வயதான என் மகள் கவிக்கு வந்தது வேறு, வாந்தியும் பேதியும். ஒரே நாளில் கண் குழிந்துவிட்டது, அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. மத்தியானம் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடனே குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் ஆபத்து என்றார் டாக்டர். அதற்குக் கையில் ஒரு மெல்லிய குழாயைச் செருக வேண்டும், நரம்பு கிடைத்தால்தானே? உடம்பில் தண்ணீர் வற்றியதால் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டது. சின்ன நர்ஸ் இரண்டு முறை குத்தினார், இரண்டும் தவறின.

"இதுக்கு மேல நான் குத்தக் கூடாதுங்க, பெரிய சிஸ்டரக் கூட்டிட்டு வாறேன்" என்று போனார்.

அந்த இரண்டு நிமிஷத்தில் நடந்ததுதான் விஷயம். நானும் என் மனைவி சாந்தியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றிருந்தோம், வேறு ஒருவரும் கிட்டே வரவில்லை, நம்பினால் நம்புங்கள், கவியின் இடது புறங்கையில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பனியனில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுவோமே, அதே அம்பு.

"ஏனுங்க, புள்ளையவும் பனியன்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள் சாந்தி.

"சத்தியமா நானில்ல சாந்தி! ஸ்டிக்கரெல்லாம் கம்பெனி டேபிள்லயே கெடக்குது."

தென்காசிப் பக்கத்துக்காரரான பெரிய சிஸ்டர் வந்தார். "இது என்ன கூத்து?" என்று அதைப் பிய்த்துப் போட்டார். கையைக் கழுவிவிட்டு அந்த இடத்தை விரலால் தடவினார். முகம் மாறியது. "இங்கதான் இருக்கு!"

கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பிரிட்டால் துடைத்தார். சீக்கிரம் காயட்டும் என்று நான் குனிந்து உஃப் உஃப் என்று ஊதினேன்.

"ஊதாதீங்க சார்! உங்க வாய்ல உள்ள கிருமியெல்லாம் ஊசியோட உள்ள போவும்லா? அது தானா காயும்!"

மறுபடி துடைத்தார். காத்திருந்தோம். என் வாயைச் சாந்தி தன் கையால் பொத்தியிருந்தாள். ஒரே குத்து, குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் கவி கண் விழித்துப் பரோட்டா கேட்டாள். சாந்தி அழுதாள். நான் அழவில்லை, வெளியே போய் முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

மறுநாள் மெதுவாகக் கேட்டேன். "கண்ணு, அந்த அம்ப யாரு ஒட்டுனாங்க?"

"அந்தப் பாப்பா."

"எந்தப் பாப்பா?"

"உங்க தோள்ல உக்காந்திருக்குது பாருங்கப்பா. அதுக்கும் ஊசின்னா பயமாம்."

கவி இப்போது என் உயரம் வளர்ந்துவிட்டாள், இதெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை. நான்தான் இன்றைக்கும் வாசலைத் தாண்டும்போது ஒரு முழம் அதிகமாகக் குனிகிறேன். மேலே யாருக்காவது தலை இடித்துவிடக் கூடாது பாருங்கள்.