கிணற்றில் எட்டிப்பார்த்த வெண்கலச் சிங்கம்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். என் முதல் ஒப்பந்தத்தைப் போல் ஓட்டையில்லாத பத்திரத்தைப் பிறகு நான் பார்க்கவேயில்லை. அதை எழுதியபோது எனக்கு ஒன்பது வயது.

ஆரணியில் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர், பரிசுப் பதக்கங்களைத் தாமே வெண்கலத்தில் வார்ப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்குக் கதை. எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த அக்காவுக்குக் கிடைத்தது, கிணற்றுக்குள் தன் நிழலைப் பார்த்துச் சீறும் சிங்கம். பிடரி மயிரை விரலால் தடவிப் பார்க்கலாம். கிணற்றுச் சுவர்மேல் முயல். அதற்கு ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அது எனக்கு வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு சிந்தனை இல்லை.

வீட்டுக்கு வேறு கவலை. அப்பா நெய்த பட்டுச்சேலைக்குக் கரை வேறு நிறம். கரைக்கான இழையை ஓட்டும் நாடாவைப் போட, தறியில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். இருந்த ஆள் களம்பூர் அரிசி ஆலைக்குப் போய்விட்டார். “பெரியவள பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திடலாம். படிச்ச வரைக்கும் போதும்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழுந்ததோடு சரி.

மறுநாள் அக்கா பதக்கத்தை என் முன் ஆட்டினாள்.

“பகல்ல அம்மா பாத்துக்கும். சாயங்காலம் நீ அப்பா பக்கத்துல குந்திகினு நாடா போடுறியா? இது உனக்கு.”

“எவ்ளோ நாளு?”

“இந்தச் சேலை முடிஞ்சு தறியிலருந்து அறுக்கற வரைக்கும்.”

ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன். பழைய உறையிலிருந்து உரித்த தபால்தலையை ஒட்டி, நிபந்தனைகளை எழுதி, கையெழுத்தும் வாங்கினேன்.

“என்னாங்க தொர, வழி தவறி வந்துட்டீங்களா?” என்றார் அப்பா, தறியருகே வந்த என்னைப் பார்த்து. முதல் நாள் நான் போட்ட இழைகளில் பாதிக்குமேல் பிரித்தார். “ஜல்தி வேணாம்டா. நான் மிதிச்சப்புறம் போடு.” இரண்டாம் வாரம் பிரிப்பது நின்றது. பேச்சும் நின்றது, எங்கள் வீட்டுத் தறியில் அதுதான் பாராட்டு.

சேலை அறுத்த அன்று அப்பா அம்மாவிடம் சொன்னார்: “பகலுக்கு நீ, சாயங்காலத்துக்கு இவன். பொண்ணு படிக்கட்டும்.”

அக்கா மூலையில் உட்கார்ந்து அழுதாள். பதக்கம் கைவிட்டுப் போகிறதே என்றுதான் அழுகிறாள் என எனக்குப் பட்டது. மனம் இளகியது. ஒப்பந்தத்தில் இடமில்லாவிட்டாலும், இன்னும் ஒரே ஒரு நாள் அவளே வைத்துக்கொள்ள அனுமதித்தேன். மறுநாள் காலை பள்ளி மணிக்குள் தந்துவிடுவதாக எழுதியும் வாங்கிக்கொண்டேன்.