கேபிள்காரம்மாவும் அ லா கார்த்தும்

மழை பெய்தாலும், கரண்ட் போனாலும், சீரியலில் நாயகி செத்துப்போனாலும் திட்டு விழுவது கேபிள்காரர் தலையில்தான். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சக அவதிக்காரர்களே, மூலக்குளத்தில் அந்தத் தலை என்னுடையது.

அலகார்ட்டு

வேண்டிய சேனலை மட்டும் அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விதி வந்தபோது வீடு வீடாகப் போய் விளக்க வேண்டியிருந்தது. மொத்தமாக வாங்கினால் பேக்கேஜ், தனித்தனியாக வாங்கினால் அலகார்ட்டு. கூட்டத்தில் அதிகாரி அப்படித்தான் சொன்னார், நானும் அப்படியே ஒப்பித்தேன். அந்துவான் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் பக்கம் அப்படிப்பட்டவரை சொல்தா என்போம். என் உச்சரிப்பைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, "அ லா கார்த்" என்று திருத்தினார்; ஓட்டலில் அட்டையைப் பார்த்து வேண்டியதைத் தனித்தனியாகக் கேட்பதற்கான பிரெஞ்சுச் சொல்லாம். பிறகு உள்ளறையில் படுத்திருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "பிலோமின், கேபிள்காரம்மா ஓட்டல் ஆரம்பிச்சிருக்கு. உனக்கு இன்னா வேணும்னு கேக்குது."

ஓனர் யாரு?

எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, தேங்காய்த்திட்டில் ஏலத்துக்கு வந்த பெரிய மீன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை. கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரர். பழைய கேமரா என்பதால் அகல டிவியில் எல்லோரும் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிவார்கள். அதற்காக யாரும் எங்களிடம் கோபித்துக்கொண்டதில்லை.

எங்களுக்கு சிக்னல் தரும் நிறுவனத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. இனி பதிவு பெற்ற கம்பெனி நடத்தும் சேனல்தான் ஓடலாம் என்று சொல்ல ஒருவரை அனுப்பினார்கள். நல்ல பிள்ளை; மோர் கொடுத்தேன், குடித்தார். உங்கள் சேனலுக்கு ஓனர் யார் என்றார். நான்தான் என்றேன். கம்பெனி எங்கே என்றார். நானும் என் வீட்டுக்காரரும்தான் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "புருஷன் பொண்டாட்டியெல்லாம் கம்பெனி ஆகாது மேடம்."

கார்டில் இல்லாதது

சேனல் நின்ற வாரமே அந்துவான் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். நான் கொடுத்திருந்த சேனல் அட்டையில் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருந்தார். பிரெஞ்சு சேனலைக்கூட விட்டுவைக்கவில்லை. "அ லா கார்த்னா வேணுங்கிறத நாமளே கேக்கலாம் இல்ல? உன் சேனல் ஒன்னு போதும்" என்றார்.

அட்டையில் இல்லாத ஒன்றைத்தான் கேட்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து பிலோமினம்மாவுக்கு ஞாயிறு பூசை அந்தச் சேனலில்தான். "மத்த சேனல்ல பெரிய பெரிய கோவில் பூசையெல்லாம் காட்டுறாங்களேம்மா" என்று சமாளித்துப் பார்த்தேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மா தலையணையில் முகத்தைத் திருப்பினார். "பூசை எங்க பாத்தாலும் பூசைதான். அது முடிஞ்சி சனங்க வெளிய வருவாங்களே, உன் சேனல்ல அவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்மா. மத்ததுல ஒருத்தரையும் தெரியாது."

வீடு தேடி வந்த ஒளிபரப்பு

தவளக்குப்பம் கேபிள்காரரோடு சேர்ந்து கம்பெனி பதிவு செய்ய அலைந்துகொண்டிருக்கிறோம். அது எப்போது முடியுமோ தெரியாது. அதுவரை அந்த அம்மா சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்குக் கோவில் வாசலில் போய் நின்றேன். கேமரா இல்லாமல் வந்திருக்கிறேனே என்று சனம் விசாரித்தது. விஷயத்தைச் சொன்னேன்.

பூசைக்கு உடுத்திய புடவையோடும் சட்டையோடும் ஏழெட்டுப் பேர் அப்படியே என் பின்னால் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்த அந்துவான் ஐயா ஒதுங்கி வழிவிட்டார். பிலோமினம்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கோ வேறு கவலை: "டிவியில எல்லாரும் நல்லா பூசினாப்ல இருந்தீங்க. அதுக்குள்ள இப்பிடி எளச்சிப் போயிட்டீங்களே, சாப்புடுறீங்களா இல்லியா?"

இந்தத் தொழிலில் வயரே இழுக்காமல் நான் கொடுத்த ஒரே கனெக்‌ஷன் அதுதான். அதற்கும் பர்மிஷன் வாங்கவில்லை.