ஓரகத்தியும் ஆஸ்பத்திரிப் பேய்ப்படங்களும்

என் கணவருடைய அண்ணன் மனைவியை ஊரில் எல்லோரும் தைரியசாலி என்பார்கள். கரும்புத் தோட்டத்தில் சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசியவர். குருவிநத்தத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவரை அக்கா என்று கூப்பிடும் அளவுக்கு எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. காரணம் பேய்ப்படம். அதிலும் ஆஸ்பத்திரிப் பேய்ப்படம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டு டிவியில் தமிழ் டப்பிங்கில் ஏதாவது ஒன்று ஓடும். நன்றாக இருக்கும் பெண்ணைப் பைத்தியம் என்று சொல்லி, கட்டிலோடு கட்டிக் கரண்ட் வைக்கும் டாக்டர். ஆபரேஷன் பாதியில் விழித்துக்கொண்டு, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கும் நோயாளி. தப்பான ஊசியால் செத்துப்போய் அதே வார்டில் சுற்றிவரும் நர்ஸ். நான் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு ஒரு கண்ணால் பார்ப்பேன். அக்கா முறுக்கைக் கடித்தபடி குறை சொல்லிக்கொண்டே பார்ப்பார்.

"இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி, ஓபி சீட்டுக்கு ஒரு ஆள் நிக்கலியே. கூட்டமே இல்லாத ஆஸ்பத்திரிக்கு யாருனா போவாங்களாடி?"

"அக்கா, அவ பின்னால பாருங்க."

"பாத்துகினுதான் இருக்கன். இருட்டுல ஆபரேஷன் பண்றான். இவனுக்கு மொதல்ல ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

போன வருடம் அக்காவுக்கு விட்டுவிட்டு வயிற்றுவலி வந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றதும் அவர் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வெலவெலத்துப்போனார். அக்காதான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.

ஆபரேஷன் அன்று காலை பச்சை கவுனும் தொப்பியும் மாட்டி, அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். மாமா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அக்கா கழற்றிய வளையல்களைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பினேன். வண்டி காலி. போர்வை மட்டும் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பாத்ரூமில் இல்லை, கேன்டீனில் இல்லை. கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில், பச்சை கவுனோடு, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு காலேஜ் பெண்கள் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"இன்னாக்கா இது?"

"பஸ்ஸுக்கு நிக்கிறன்."

"கவுனோடயா?"

"பொடவ உன் பையிலதான இருக்குது? குடு, கட்டிக்கிறன்."

"இன்னாதான் ஆச்சு?"

"அந்த ரூம் வாசல்ல ஒரு லைட்டு விட்டுவிட்டு எரியுதுடி. மாஸ்க் போட்டுகினு ரெண்டு பேரு என்னயப் பாத்து ஏதோ பேசிக்கிறாங்க. ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. மாஸ்க்க கழட்டாத டாக்டர நாம எத்தினி பாத்திருக்கோம்?"

"நீங்கதான அதெல்லாம் பாத்துச் சிரிப்பீங்க?"

"அப்ப கட்டில்ல படுத்துகினு இருந்தவ வேற எவளோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. சிரிப்பு போய்விட்டது. அதற்குள் எங்கள் ஊர்ப்பக்கம் போகும் பாகூர் பஸ் வந்து நின்றது.

"ஏறுறீங்களா இல்லியா?" என்றார் கண்டக்டர், அக்காவின் தொப்பியைப் பார்த்தபடி.

"அக்கா, டாக்டர மூஞ்சியக் காட்டச் சொல்றன். புடிக்கலன்னா நானே உங்கள பஸ் ஏத்தி வுடறன்."

அக்கா யோசித்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

உள்ளே போனதும் நர்ஸ் எங்கள் இருவரையும் ஒரு பிடி பிடித்தார். திட்டி முடித்ததும் நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். முழுவதையும் கேட்டார், சிரிக்கவில்லை, மாஸ்க்கைக் கழற்றினார். சின்னப் பெண். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?" என்றார் அக்கா.

"வில்லியனூர் பக்கம்."

"நான் பாதியில முழிச்சிக்க மாட்டனே?"

"மாட்டீங்க. முழிக்கிற வரைக்கும் உங்க தலமாட்டுலயேதான் இருப்பன். எங்கயும் போவமாட்டன்."

"அந்த லைட்டு?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அது எனக்கும் புடிக்கல. மூணு வாரமா சொல்லிகினுதான் இருக்கோம்."

அக்கா சிரித்துவிட்டு, தானாகவே வண்டியில் ஏறிப் படுத்தார். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, "ரொம்ப சின்னதா இருக்குதேடி, படிச்சி முடிச்சிருக்குமா?" என்று கிசுகிசுத்தார். நான் பதில் சொல்வதற்குள் வண்டி உள்ளே போய்விட்டது.

கதவு மூடியதும் நாங்கள் பார்த்த அத்தனை படமும் என் தலைக்குள் ஓட ஆரம்பித்தது. "உனக்கா ஆபரேஷன்? ஏன் இப்டி வேர்க்குது?" என்றார் மாமா.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா அதைப் பார்க்க மறுத்துவிட்டார். கண் விழித்த அக்காவிடம், உள்ளே பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"எண்ணச் சொன்னாங்க. நாலு வரைக்கும் எண்ணனன்," என்று குழறினார். "பசிக்குதுடி."

சாயந்திரம் வரை ஒன்றும் கூடாது என்றார் நர்ஸ். அக்கா அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கிப்போனார். எனக்கு பாத்ரூம் போகவேண்டியிருந்தது. விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். பிடி இன்னும் இறுகியது. மாமா டீ குடித்துவிட்டு வரும்வரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.